அந்தக் காலத்து கோல்ஃப் வீரர்கள் சொல்லும் நினைவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அறுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்க டூரில் (ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடரில்) ஆடி ஓய்வுபெற்ற ஒரு தொழில்முறை கோல்ஃப் வீரரோடு நீண்ட நேரம் பேசியிருக்கிறீர்கள். மரத் தலை வைத்த கிளப், சில குழிகளுக்குள் பாழாகிவிடும் பந்து, திங்கட்கிழமைத் தகுதி ஆட்டம், குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது, பரிசுப் பணம் பயணச் செலவுக்கே பற்றாமல் போனது என்று நிறையச் சொல்லியிருக்கிறார். "அந்தக் கிளப்பாலேயே நாங்களும் 300 கஜம் அடித்தோம், இன்றைய பையன்களிடம் அதைக் கொடுத்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். இதில் எது உண்மை, எது வயதானவரின் மிகை என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆட்டம் உண்மையிலேயே வேறாக இருந்ததா என்பது ஒன்று. அன்று ஆடியவர்கள் இன்று ஆடுபவர்களைவிடத் திறமைசாலிகளா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பொருளும் பதிவும் சாட்சி சொல்லும். இரண்டாவதில் யாராக இருந்தாலும் ஓரளவுக்கு மேல் உறுதியாகப் பேச முடியாது.

நான் கிளப் பழுதுபார்க்கும் வேலையில் தொடங்கி, பிறகு பல ஆண்டுகள் ஆட்டம் கற்றுக்கொடுத்தவன். மரத் தலைகளை இழைத்து, நூல் சுற்றி, மெருகேற்றியிருக்கிறேன். அவற்றால் ஆடியும் இருக்கிறேன். டூரில் ஆடியதில்லை. அதனால் கிளப்பும் பந்தும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை என் கையறிவிலிருந்து சொல்கிறேன். போட்டி வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதெல்லாம் பதிவுகளிலிருந்தும், அப்படி வாழ்ந்தவர்கள் சொல்லக் கேட்டதிலிருந்தும் வருவது.

முதலில் கிளப். இதில் அவர் சொன்னதில் துளிகூட மிகை இல்லை. நீளமான முதல் அடிக்கு எடுக்கும் கிளப்புக்கு டிரைவர் என்று பெயர். அன்றைய டிரைவரின் தலை பெர்சிமன் மரத்தில் கடைந்தது. கருங்காலி இனத்தைச் சேர்ந்த, இழை நெருக்கமான, அடி தாங்கும் மரம் அது. முகப்பின் நடுவில் கடினமான ஒரு செருகல், அடியில் திருகு போட்ட உலோகத் தகடு, ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) நுழையும் கழுத்தில் மெழுகு பூசிய நூல் சுற்று. மழையில் ஆடினால் மெருகுக்கு அடியில் ஈரம் இறங்கி மரம் உப்பும். காய்ந்து சுருங்கும்போது நூல் தளரும், செருகல் அசையும். ஒரே அச்சில் கடைந்த இரண்டு தலைகள்கூட எடையிலும் ஓசையிலும் ஒன்றுபோல் இருக்காது. அதனால்தான் தனக்குப் பொருந்திய ஒரு டிரைவர் கிடைத்துவிட்டால் அதை வருடக்கணக்கில் யாரும் விடமாட்டார்கள். விரிசல் விட்டால் பசை போட்டு, மறுபடி நூல் சுற்றி ஆடுவார்கள்.

அதைவிட முக்கியம் அளவு. இன்றைய விதி டிரைவர் தலைக்கு 460 கன சென்டிமீட்டர் வரை இடம் தருகிறது. மரத் தலைகள் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. உள்ளே பொள்ளல் இல்லாத முழு மரம் என்பதால் எடையெல்லாம் நடுவில் திரண்டிருக்கும். பந்து முகப்பின் நடுவில் படாமல் முனைப் பக்கமோ குதிப் பக்கமோ ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டால் தலை கைக்குள்ளேயே திரும்பிவிடும். தூரம் குறையும், திசையும் கெடும், கை அதிரும். முகப்பை லேசாகக் குவித்துக் கடைந்திருப்பதே அந்தப் பிழையில் கொஞ்சத்தைச் சரிசெய்யத்தான்: முனையில் பட்ட பந்து வலப்பக்கம் கிளம்பி, சுழற்சியால் இடப்பக்கம் திரும்பி வரும். இன்றைய உலோகத் தலை உள்ளே வெற்றிடம். எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதே ஒரு சென்டிமீட்டர் பிழைக்கு இன்று கட்டும் அபராதம் மிகக் குறைவு. அன்று ஆடியவர்கள் ஏன் முழு பலத்தையும் போடாமல் ஒரு தாளத்தோடு வீசினார்கள் என்பதற்கு இதுதான் காரணம். கனமான எஃகு ஷாஃப்டும் அதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தது. பழைய படங்களில் அந்த வீச்சு அழகாகத் தெரிகிறது என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அது அழகுக்காக வந்ததல்ல, நடுவில் பட்டாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அந்த வீச்சை உருவாக்கியது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கேரி ஆடம்ஸ் 1979இல் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி எஃகுத் தலை டிரைவரை விற்கக் கொண்டுவந்தார். எண்பதுகளில் அது டூருக்குள் மெதுவாகப் பரவியது. காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா டிரைவர் 1991இல் வந்தது, டைட்டானியம் தலை தொண்ணூறுகளின் நடுவில். அதற்கு இடையில் 1993ஆம் ஆண்டின் மாஸ்டர்ஸ் போட்டியை பெர்ன்ஹார்ட் லாங்கர் மர டிரைவரோடுதான் வென்றார். ஆகவே உங்கள் நண்பர் தன் கடைசி ஆண்டுகளில் உலோகத் தலையும் பிடித்திருக்கக்கூடும். அவர் நினைவில் இரண்டும் கலந்திருந்தால் ஆச்சரியமில்லை.

பந்தைப் பற்றி அவர் சொன்னதும் சரி. கிளப்பைவிட பந்துதான் ஆட்டத்தை அதிகம் மாற்றியது என்பது என் எண்ணம். அன்று நல்ல ஆட்டக்காரர்கள் பயன்படுத்தியது நூல் சுற்றிய பந்து. நடுவில் ஒரு சின்ன உருண்டை, பல பந்துகளில் அதற்குள் திரவம். அதன்மேல் இழுத்து இழுத்துச் சுற்றிய ரப்பர் இழை. மேலே பலாட்டா என்ற மென்மையான தோல். அயர்ன் என்ற தட்டையான உலோகத் தலை கிளப்பின் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் பட்டுவிட்டால் தோலில் பிறை வடிவத்தில் கீறல் விழுந்து பந்து அத்தோடு முடிந்தது. கீறாவிட்டாலும் அடிபட்டு அடிபட்டு உருண்டை கெடும். அதனால் சில குழிகளுக்கு ஒருமுறை புதுப் பந்து எடுப்பது வழக்கமாகவே இருந்தது. ஆட்டத்துக்கு முன் பந்துகளை ஓர் உலோக வளையத்துக்குள் விட்டு, எது சரியான உருண்டை என்று பொறுக்கி எடுத்தவர்களும் உண்டு.

இந்தப் பந்தின் குணம் அதிகமாகச் சுழல்வது. கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) விழுந்ததும் நிற்கும், பின்னாலும் வரும், அது வரம். டிரைவரால் அடித்தால் காற்றில் மேலே மேலே ஏறி, எதிர்க்காற்றில் அப்படியே நின்றுபோகும். பக்கவாட்டில் சின்னப் பிழை இருந்தாலும் பெரிதாக வளையும்; அது சாபம். எழுபதுகளிலேயே இரண்டே பகுதிகளால் ஆன, கடினத் தோல் போட்ட பந்துகள் கடைகளில் கிடைத்தன. அவை கீறாது, தூரமும் போகும். ஆனால் கிரீனில் நிற்காது. பொழுதுபோக்குக்கு ஆடியவர்கள் அதை வாங்கினார்கள், தொழிலாக ஆடியவர்களில் பெரும்பாலோர் தூரத்தை விட்டுக்கொடுத்து நூல் சுற்றிய பந்திலேயே இருந்தார்கள். தூரமா, கட்டுப்பாடா என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தக் கட்டாயம் முடிந்தது 2000ஆம் ஆண்டில். அந்த வருடம் மே மாதம் டைகர் வுட்ஸ் நூல் சுற்றாத புதுவகைப் பந்துக்கு மாறி, அடுத்த மாதமே பெபிள் பீச்சில் யு.எஸ். ஓபனை, அடுத்து வந்தவர்களைவிட 15 முறை குறைவாக அடித்து வென்றார். அக்டோபரில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 பந்து டூருக்கு வந்தது. முதல் வாரமே 47 பேர் அதற்கு மாறினார்கள். உள்ளே திடமான ரப்பர், வெளியே மென்மையான யூரித்தேன் தோல்: டிரைவரில் குறைவாகச் சுழலும், குட்டையான அடியில் நன்றாகச் சுழலும். ஒரு தலைமுறை கைத்திறமையால் சமாளித்த சிக்கல் பந்துக்குள்ளேயே தீர்ந்துபோனது.

அவர் பிரிட்டனிலும் ஆடியிருந்தால் இன்னொரு விஷயத்தைக் கேளுங்கள். ஒரு காலத்தில் உலகில் இரண்டு அளவுப் பந்துகள் இருந்தன. அமெரிக்கப் பந்தின் குறைந்தபட்ச விட்டம் 1.68 அங்குலம், பிரிட்டிஷ் பந்துக்கு 1.62 அங்குலம். எடை ஒன்றுதான் என்பதால் சின்னப் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு தாழ்வாகவும் தூரமாகவும் போகும். ஓபன் சாம்பியன்ஷிப்பில் பெரிய பந்து கட்டாயமானது 1974இல்தான், உலகம் முழுக்க சின்னப் பந்து ஒழிந்தது 1990இல். அன்றைய ஆட்டக்காரர்கள் கடல் கடக்கும்போது பந்தையும் கையையும் மாற்றிப் பழகவேண்டியிருந்தது. இப்போது இதை யாரும் பேசுவதில்லை.

இனி 300 கஜம். இங்கேதான் நான் கொஞ்சம் தயங்குவேன். டூரில் டிரைவ் தூரத்தை முறையாக அளக்கத் தொடங்கியது 1980இல். அந்த வருடம் எல்லாரையும்விட நீளமாக அடித்த டேன் போலின் சராசரி 274.3 கஜம். டூரின் மொத்தச் சராசரி 257க்குப் பக்கம். ஒரு முழு ஆண்டின் சராசரி 300ஐத் தாண்டிய முதல் ஆள் ஜான் டேலி, அதுவும் 1997இல். டூரின் சராசரி 2003இல் 286 வாக்கில் வந்தது, இப்போது 300ஐ ஒட்டி நிற்கிறது. ஆக, அவர் ஒரு நாள், பின்காற்றில், காய்ந்த தரையில், சரிவில் 300 கஜம் அடித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜாக் நிக்லஸ் 1963ஆம் ஆண்டின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை ஒட்டி நடந்த நீள அடிப் போட்டியில் மர டிரைவரால் 341 கஜம் 17 அங்குலம் அடித்தது பதிவில் இருக்கிறது. ஆனால் "நாங்களும் 300 அடித்தோம்" என்பது வழக்கத்தைச் சொல்வதாக இருந்தால் பதிவுகள் ஒத்துழைக்கவில்லை. சிறந்த அடி நினைவில் தங்கிவிடும், 248 கஜத்தில் நின்ற நூற்றுக்கணக்கான அடிகள் தங்காது. அந்த அளவீட்டுக்கும் எல்லை உண்டு. ஒரு சுற்றில் எதிரெதிர்த் திசையில் உள்ள இரண்டு குழிகளில் மட்டும், எந்தக் கிளப்பால் அடித்தார்கள் என்று பார்க்காமல், பந்து நின்ற இடம்வரை அளப்பார்கள். மரக் கிளப் காலத்தில் பலர் பாதுகாப்புக்காகச் சின்னக் கிளப் எடுத்திருந்தாலும் அதுவும் கணக்கில் சேரும்.

தூரம் கூடியதில் பந்தின் பங்கு எவ்வளவு, டைட்டானியத்தின் பங்கு எவ்வளவு, உடற்பயிற்சிக்கும் ஒட்ட வெட்டிய புல்லுக்கும் எவ்வளவு என்று யாராவது சதவீதமாகப் பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் ஒரே காலகட்டத்தில் வந்தவை. அதேபோல அயர்ன் தூரங்களை ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. முகப்பின் சாய்வு குறையக் குறையப் பந்து தூரமாகப் போகும். அவர் காலத்து 7-அயர்னின் சாய்வு ஏறக்குறைய 38 முதல் 40 டிகிரி. இன்று கடையில் விற்கும் 7-அயர்ன்களில் பல 30 டிகிரியை ஒட்டியவை. பழைய எண் கணக்கில் அது 5-அயர்னுக்குப் பக்கம். "அவர் 7-அயர்னால் 145 கஜம்தான் அடித்தார், நான் 165 அடிக்கிறேன்" என்று பெருமைப்படும் மாணவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கிரீன்களைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை போலிருக்கிறது, ஆனால் அங்கேதான் பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது. பந்து எவ்வளவு வேகமாக உருளும் என்பதை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் 1935லேயே ஒரு சரிவுக் கோலைக் கண்டுபிடித்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை மேம்படுத்தி 1978இல் மைதானங்களுக்குக் கொடுத்தது. அப்போது நாடு முழுக்க அளந்து பார்த்ததில், அந்தக் கோலிலிருந்து விட்ட பந்து சராசரியாக ஆறரை அடி தூரம் உருண்டது. இன்று டூர் கிரீன்களில் 11, 12 அடி சாதாரணம். மெதுவான, புல்லிழை ஒரு பக்கம் சாய்ந்த அந்தத் தரையில் பந்தை உருட்டிவிட்டால் போதாது, மணிக்கட்டால் தட்ட வேண்டும். ஆர்னால்ட் பால்மர், பில்லி கேஸ்பர் இருவரும் பட்டிங் செய்யும் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும்) பழைய படங்களைப் பார்த்துவிட்டு "என்ன இது, மணிக்கட்டை இப்படி உடைக்கிறார்களே" என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. அந்தத் தரைக்கு அதுதான் சரியான முறை. கிரீன் வேகமான பிறகுதான் தோளால் ஊஞ்சல்போல வீசும் முறை எல்லாருக்கும் பொதுவானது.

குழிவரை உள்ள தூரத்தை அன்று கண்ணால் கணித்தார்கள் என்று சொல்வது ஆளையும் ஆண்டையும் பொறுத்தது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் ஆடிய பென் ஹோகன் தலைமுறைக்கு அது பெருமளவு உண்மை. ஆனால் நிக்லஸ் 1961இல் பெபிள் பீச்சில் நடந்த யு.எஸ். அமெச்சூர் போட்டியின்போதே, நண்பர் டீன் பீமன் சொல்லி, மைதானத்தை நடந்து அளந்து குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். எழுபதுகளின் பின்பாதியில் அச்சிட்ட தூரக் குறிப்பேடுகளே டூரில் விற்பனைக்கு வந்தன. உங்கள் நண்பர் கண்ணால் மட்டும் ஆடினேன் என்றால் அது அவர் தேர்ந்தெடுத்த வழி. காலமே அப்படி இருந்தது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அன்று பயிற்சி எப்படி நடந்தது என்பதைச் சொன்னாரா? ஆட்டக்காரர் தன் சொந்தப் பந்துகளைப் பையில் கொண்டுவந்து அடிப்பார். கேடி (கிளப் பையைச் சுமக்கும் உதவியாளர்) தூரத்தில் போய் நின்று பொறுக்குவார். அந்தக் கேடியே குறியும்கூட. நல்ல ஆட்டக்காரருக்கு நிற்கும் கேடி இரண்டடிகூட நகரவேண்டியதில்லை என்று பழையவர்கள் சொல்வார்கள். பக்கத்திலேயே நான்கைந்து பேர் அடித்துக்கொண்டிருக்கும்போது அங்கே நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பணம், பயணம் பற்றி அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சாம் ஸ்னீட் 1946இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓபன் சாம்பியன்ஷிப்பை வென்று வாங்கியது 150 பவுண்டு. போய்வந்த செலவுக்கே அது காணவில்லை, பட்டத்தைக் காப்பாற்ற அவர் அடுத்த வருடம் போகவும் இல்லை. நிக்லஸ் தொழில்முறைக்கு வந்து 1962இல் முதன்முதலாகப் பெற்ற காசோலை 33 டாலர் 33 சென்ட். பால்மர் 1960இல் யு.எஸ். ஓபனை வென்றதற்கு 14,400 டாலர் கிடைத்தது. விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தாலும் இன்றைய கணக்கில் ஒன்றரை லட்சம் டாலர் அளவுதான். அதே போட்டியை 2024இல் வென்ற பிரைசன் டிஷாம்போவுக்கு 43 லட்சம் டாலர். டூர் வருமானம் மொத்தம் பத்து லட்சம் டாலரைத் தொட்ட முதல் ஆள் பால்மர், 1968இல். பெண்களில் கேத்தி விட்வொர்த் அதைத் தொட்டது 1981இல்.

ஆனால் உச்சியில் இருந்தவர்களின் கதையைவிட, உங்கள் நண்பரைப் போன்ற நடுத்தட்டு ஆட்டக்காரர்களின் கதைதான் எனக்கு எப்போதும் பெரிதாகத் தெரிகிறது. 1983க்கு முன், பணப் பட்டியலில் முதல் 60 இடங்களில் வந்தவர்களுக்கும் வேறு சில தகுதி உள்ளவர்களுக்கும் மட்டும்தான் போட்டிகளில் நேரடி இடம். மற்றவர்கள் திங்கட்கிழமை தகுதி ஆட்டம் ஆடி, எஞ்சிய சில இடங்களைப் பிடிக்க வேண்டும். பிடித்து, பின்தங்கியவர்களை வெளியேற்றும் வெள்ளிக்கிழமை வடிகட்டலையும் தாண்டினால் அடுத்த வாரப் போட்டியில் இடம் உறுதி. தாண்டாவிட்டால் அடுத்த ஊருக்கு வண்டியை விட்டு, மறுபடி திங்கட்கிழமை. தங்கும் வாடகை, உணவு, கேடிக்குக் கூலி எல்லாம் சொந்தப் பணம், இல்லாவிட்டால் ஊரில் யாரோ முதல் போட்டுக் கொடுத்த பணம். இவர்களுக்கு டூரில் 'முயல்கள்' என்று பெயர். 1983இல் 125 பேருக்கு ஆண்டு முழுவதும் இடம் உறுதி என்று விதி மாறிய பிறகுதான் அந்த வாழ்க்கை ஓரளவு நிதானப்பட்டது. பாதுகாப்பாக இரண்டு பட் போட்டு வடிகட்டலைத் தாண்டுவதா, துணிந்து அடித்துப் பரிசுக்குப் போவதா என்ற கணக்கு ஒவ்வொரு வெள்ளி மாலையும் அவர்கள் தலையில் ஓடியிருக்கும். இந்தப் பயத்தை அவர் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருப்பார்.

உடல் உழைப்பும் அப்படியே. யு.எஸ். ஓபனில் 1964 வரை கடைசி நாளில் 36 குழிகள் ஆட வேண்டும். அந்த ஆண்டு வாஷிங்டன் அருகே கொதிக்கும் வெயிலில் கென் வென்டூரி மயக்க நிலையில் தள்ளாடி, மருத்துவர் கூடவே நடக்க ஆடி வென்றார். அடுத்த ஆண்டிலிருந்து அதை நான்கு நாட்களாகப் பிரித்தார்கள்.

பழைய நாட்களைப் பற்றிய நினைவுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. "அன்று போட்டி கடுமை" என்று சொல்லும்போது, யாருக்கெல்லாம் போட்டியிடவே அனுமதி இல்லை என்பதையும் சேர்க்க வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் சங்கமான பி.ஜி.ஏ., வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று 1934இல் விதி எழுதியது, 1961 நவம்பரில்தான் அதை நீக்கியது. பில் ஸ்பில்லர், டெட் ரோட்ஸ் போன்றவர்கள் 1948இல் வழக்குப் போட்டும் கதவு திறக்கவில்லை. அவர்களுடைய நல்ல வயது வெளியே நின்றே கழிந்தது. சார்லி சிஃபோர்ட் டூரில் முதல் பட்டம் வென்றது 1967இல், ஹார்ட்ஃபோர்டில். அப்போது அவருக்கு வயது 45. மாஸ்டர்ஸ் போட்டியில் ஒரு கறுப்பின வீரர் ஆட 1975 வரை ஆனது, அவர் லீ எல்டர். அந்தப் போட்டி நடக்கும் அகஸ்டாவில் 1982 வரை ஆட்டக்காரர்கள் அந்த மன்றத்தின் கேடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேடிகள் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவர்கள். அந்தக் கிரீன்களின் வளைவுகளை அவர்களைவிட அறிந்தவர்கள் கிடையாது. பெண்கள் பக்கம் பார்த்தால், 1950இல் தங்களுக்கான சங்கமான எல்.பி.ஜி.ஏ.வைத் தொடங்கிய 13 பேரும் ஆடியதோடு நிற்கவில்லை. மைதானத்தைக் குறிப்பது, விதிச் சிக்கல்களைத் தீர்ப்பது, ஊருக்குள் போய்ப் பார்வையாளர்களை அழைப்பது எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள். இவர்களை விட்டுவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இதை உங்கள் நண்பர் மீது குற்றமாகச் சொல்லவில்லை. பலர் தங்கள் பக்கத்தில் யார் ஆடினார்கள் என்பதை நினைவில் வைத்திருப்பார்கள், யார் இல்லை என்பது கண்ணில் பட்டிருக்காது.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு கோல்ஃபில் நல்ல உதாரணம், 1935 மாஸ்டர்ஸில் ஜீன் சாரசென் 15ஆம் குழியில் தன் இரண்டாவது அடியையே குழிக்குள் போட்டது. அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் பாபி ஜோன்ஸும் உடன் ஆடிய வால்டர் ஹேகனும் அடக்கம். பின்னாளில் அதை நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டதும் படித்ததும் பல முறை மனதில் ஓடிப் பார்த்ததாகவே மாறியிருக்கும். இன்னொரு விதமும் உண்டு: நடந்தது சரியாக நினைவிருக்கும், சூழ்நிலை உதிர்ந்துவிடும். ஜானி மில்லர் 1973 யு.எஸ். ஓபனின் கடைசிச் சுற்றில் ஓக்மான்ட் மைதானத்தில் 63 அடிகளிலேயே சுற்றை முடித்தது எல்லாருக்கும் தெரியும். அன்று ஈரத்தால் கிரீன்கள் மென்மையாக இருந்தன என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அதனால் அந்தச் சுற்றின் பெருமை குறையாது. அதே ஈரம் அன்று எல்லாருக்கும்தான் இருந்தது. ஆனால் இன்னொரு சுற்றோடு ஒப்பிடும்போது அதையும் தட்டில் வைத்தாக வேண்டும்.

சரி, கடைசிக் கேள்வி: இன்றைய வீரர்கள் மரக் கிளப்போடு திணறுவார்களா? முதல் வாரம் நிச்சயம் திணறுவார்கள். அவர்கள் வீச்சு, நடுவில் படாத அடியையும் மன்னிக்கும் பெரிய தலையை நம்பி வளர்ந்தது. சுழலும் பந்தோடு மேல்நோக்கி வீசினால் பந்து வானத்தில் மிதக்கும், ஓரங்களுக்கு வளையும். ஆனால் சில மாதங்கள் கொடுத்தால் பெரும்பாலோர் பழகிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. கணிப்புதான், நிரூபிக்க வழியில்லை. இவர்கள் உடல் வலிமையும், ஒவ்வோர் அடியையும் கருவியில் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பழக்கமும் அன்று யாருக்கும் இருக்கவில்லை. உச்சியில் இருப்பவர்களைப் பொறுத்தவரை நிக்லஸையும் டிரெவினோவையும் வாட்சனையும் எந்தக் காலத்தில் போட்டாலும் வென்றிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் டூரில் எழுபதாம் இடத்தில் இருப்பவரை அன்றைய எழுபதாம் இடத்துக்காரரோடு ஒப்பிட்டால், இன்றையவர் மேலானவர் என்றே தோன்றுகிறது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த வயதில் பக்கவேலை பார்க்காமல் ஆட்டத்தை மட்டும் பார்க்க இவர்களுக்குப் பணம் இருக்கிறது. 'பாதிப் பேர் காணாமல் போவார்கள்' என்பதைவிட 'வரிசை மாறும்' என்பதை நான் ஒப்புக்கொள்வேன். பலத்தால் மேலே வந்த சிலர் இறங்குவார்கள், பந்தை நடுவில் அடிக்கத் தெரிந்த, இன்று நீளம் போதாமல் பின்தங்கிய சிலர் ஏறுவார்கள். உங்கள் நண்பர் உண்மையில் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும். பந்தின் தூரத்தைக் குறைக்கப் புதிய சோதனை விதியை, ஆட்ட விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் 2023 டிசம்பரில் அறிவித்ததற்குப் பின்னால் இருக்கும் கவலையும் ஏறக்குறைய இதேதான்.

மறுபடி அவரைச் சந்திக்கும்போது, எவ்வளவு தூரம் அடித்தீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த ஆண்டில், எந்த மைதானத்தில், எந்தக் குழியில், என்ன கிளப் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஆட்டக்காரர்களுக்கு ஆண்டும் எண்ணும் நழுவும், குழியும் கிளப்பும் நழுவாது. எந்த வருடம் உலோகத் தலைக்கு மாறினார், முதலில் ஏன் மறுத்தார், திங்கட்கிழமை தோற்றுவிட்டு அந்த வாரத்தை எப்படிக் கழித்தார், யார் பணம் போட்டார்கள், அவர் கேடி யார், கேடிக்கு என்ன கொடுத்தார், கறுப்பின ஆட்டக்காரர்களுக்குச் சில ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்தாரா, அப்போது அவரும் மற்றவர்களும் என்ன செய்தார்கள் என்றெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால் அவசரப்படுத்த வேண்டாம். அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய டிரைவர் வைத்திருந்தால் அடித்தகட்டையும் கழுத்தையும் முகப்பையும் தெளிவாகப் படம் எடுங்கள். தகட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் வைத்து எந்தக் காலத்துத் தயாரிப்பு என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். முகப்பில் பந்து பட்டுத் தேய்ந்த தடம் எவ்வளவு சிறியது என்பதையும் பாருங்கள். இருபது ஆண்டு ஆடிய கிளப்பில் அந்தத் தடம் ஒரு நாணயத்தின் அளவுக்குள் அடங்கியிருந்தால், அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது. படங்களை இங்கே போட்டால் என்னால் முடிந்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.